குப்புறப் படுத்துக் கேட்ட சரித்திரம்

கண்ணுக்குள் வாயுவை நிரப்பிவிட்டு, "இனிமேல் முகம் தரையைப் பார்த்தே இருக்கணும்" என்று ஒரு மருத்துவர் உங்களிடம் சொல்லியிருந்தால், இதை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களால் வாசிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். போன கல்யாண சீசனில் நானும் அப்படித்தான் கிடந்தேன். இப்போது என் கண் நன்றாக இருக்கிறது. இதை நானேதான் எழுதுகிறேன், எழுத்துப் பிழையையும் நானேதான் பார்த்துத் திருத்துகிறேன்.

திருநகரில் எங்கள் வீட்டு மாடியில் ஆரி வேலை நடக்கிறது. மரச்சட்டத்தில் ஜாக்கெட் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் சரிகையும் கோக்கிற வேலை. ரேவதி என்று ஒரு கெட்டிக்காரப் பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் என்னோடு வேலை செய்கிறார்கள். என் வீட்டுக்காரர் பாண்டிக்குத் திருமங்கலம் ரோட்டில் பைக் பட்டறை. பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குக் கண்ணாடி கனமானது. சோடாபுட்டி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன், அவ்வளவுக்குப் பழகிப்போன பெயர்.

மணப்பெண் ஜாக்கெட் ஒன்றின் கையில் மயில் போட்டுக்கொண்டிருந்தேன். துணிமேல் கறுப்பாகக் கடுகு சிதறியது போலிருந்தது. கையால் தட்டினேன், போகவில்லை. துணியை விட்டுச் சுவரைப் பார்த்தால் கடுகு சுவரிலும் மிதந்தது. சாயங்காலம் கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுவது போல இரண்டு மூன்று தடவை வெளிச்சம் வந்தது. மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது வலது கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஒரு திரை நின்றது.

"என்னங்க, இந்தக் கண்ணுல ஓரமா யாரோ திரையை இழுத்துவிட்ட மாதிரி இருக்கு" என்றேன்.

பாண்டி டீயைக் கீழே வைத்தார். "மறையுதா, மங்குதா?"

"மறையுது."

அவ்வளவுதான். பட்டறைக்குப் போகவில்லை, வண்டியை மருத்துவமனைக்கு விட்டார்.

கண் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்துக்கு ஒரு தனி முகம் உண்டு. கண்ணின் பாப்பா விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு எல்லோரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். வரிசை வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மொத்தக் கூட்டமும் ஒரே வேண்டுதலில் இருப்பது போலத் தெரியும். நானும் போய் அந்த வேண்டுதலில் சேர்ந்துகொண்டேன். பிறகு ஒரு மெஷினில் நாடியை வைத்தேன், இன்னொன்றில் நெற்றியை வைத்தேன். மூடிய இமைமேல் குளிர்ந்த களிம்பைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில் ஒரு பெண் மருத்துவர், வயதில் என்னைவிடச் சிறியவர், கண்ணுக்குள் விளக்கடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"வீட்டுச் சுவர்ல ஓதம் ஏறினா பெயின்ட் உப்பிக்கிட்டு வருமே, பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"எங்க மாடியிலயே இருக்கு டாக்டர்."

"அதேதான். கண்ணோட உள்சுவர்ல விழித்திரைன்னு ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். அதுலதான் காட்சி விழுது. உங்களுக்கு அதுல ஒரு கிழிசல். கிழிசல் வழியா உள்ள இருக்கிற தண்ணி போயி படலத்தை உரிச்சுக்கிட்டு வருது. நாளைக்கே ஆபரேஷன் பண்ணணும்."

"அடுத்த வாரம் முகூர்த்தத்துக்கு ஜாக்கெட் குடுக்கணும் டாக்டர். அது முடிஞ்சு வரட்டுமா?"

அவர் விளக்கை அணைத்துவிட்டு என் பக்கம் நாற்காலியை இழுத்தார். "நடுபாகம் இன்னும் ஒட்டித்தான் இருக்கு. ஊசி கோக்கிற பார்வை அங்கதான் இருக்கு. அது உரியறதுக்குள்ள பண்ணிட்டா உங்க பார்வை உங்களுக்கு. உரிஞ்ச பிறகு பண்ணினா எவ்வளவு திரும்பும்னு என்னால வாக்கு குடுக்க முடியாது."

கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து ரேவதிக்குப் போன் அடித்து, "மயிலு தோகையை நீயே முடிச்சிரு. என்னைக் கேக்காத" என்றேன். அவள் அழுதாள். "அழுகாத, கண்ணுக்கு ஆகாது" என்று வைத்துவிட்டேன்.

ஆபரேஷனைப் பற்றிப் பயமுறுத்த ஒன்றுமில்லை. கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போகச் செய்கிறார்கள், நினைவு இருக்கும். கண்ணுக்குள்ளிருக்கும் ஜெல்லி போன்றதை எடுத்துவிட்டு, படலத்தை அதன் இடத்தில் படியவைத்து, கிழிசலைச் சுற்றி லேசரால் தையல் போட்ட மாதிரி சூடு வைக்கிறார்கள். பிறகு வாயுவை நிரப்புகிறார்கள். வாயு எப்போதும் மேல்நோக்கித்தான் போகும். நாம் குப்புறக் கிடந்தால் அது எழும்பிப் போய்க் கண்ணின் பின்சுவரில் படலத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பசை காய்கிற வரைக்கும் கையால் பிடித்திருப்பது போல. தானாகக் கரைகிற வரை அந்த வாயு வேலை செய்யும், நாம் செய்யவேண்டியது குப்புறக் கிடப்பது ஒன்றுதான்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. படுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மூக்கு நசுங்குகிறது, கழுத்து இறுகுகிறது, மூச்சு தலையணையில் முட்டித் திரும்பி முகத்திலேயே அடிக்கிறது. சாப்பிடுவதும் குனிந்தபடிதான். முதல் நாள் மத்தியானம் என்னைப் பார்த்துவிட்டுப் போன பாண்டி, சாயங்காலம் ஸ்கூட்டர் டியூப் ஒன்றோடு வந்தார். புது டியூப், அளவாகக் காற்றடித்து, துவைத்த துண்டைச் சுற்றியிருந்தார். முகத்தை நடுவில் வைத்தால் நெற்றியும் கன்னமும் மெத்தென்று உட்காரும், மூக்கு ஓட்டைக்குள் தொங்கும், ஆபரேஷன் செய்த கண்மேல் எதுவும் படாது. வார்டு சிஸ்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பஞ்சர் ஆகாதுல்ல?" என்று கேட்டார். பிறகு துண்டைத் தினமும் மாற்றச் சொல்லி அனுமதித்தார்.

அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணே, அது என்னன்னு எனக்குத் தெரியல. ஆனா எனக்கும் ஒண்ணு வேணும்."

செல்வராணி டீச்சர் இப்படித்தான் எனக்குப் பழக்கமானார். மேலூருக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு நட்டவர்கள். இப்போது அதே வயல்களுக்கு நடுவே இவர் வாங்கிய வயலும் இருக்கிறது. சின்ன வயதில் கருவேலமுள் குத்தி இடது கண் போய்விட்டது. இப்போது விழித்திரை விலகியிருந்ததோ வலது கண்ணில். எனக்கு இன்னொரு கண் இருந்தது. அவருக்கு இது ஒன்றுதான். அதை அவர் எந்த உருக்கமும் இல்லாமல், வகுப்பில் கேள்வித்தாளை வாசிப்பது போலச் சொன்னார்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு டியூபில் குப்புறக் கிடந்தோம். செய்ய ஒன்றுமில்லை என்றால் மனசு சும்மா இருக்காது. இந்நேரம் படலம் மறுபடி உரிகிறதோ, அதுதான் குத்துகிறதோ என்று ஒவ்வொரு துடிப்பையும் எடை போட்டுக்கொண்டே இருக்கும். பாட்டுக் கேட்டேன். பழைய பாட்டுகள் கண்ணீரைக் கொண்டுவந்தன, ஈரக் கண்ணைத் துடைக்கவும் பயமாக இருந்தது. செய்தி போட்டால் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"வரலாறு ஏதாவது போடச் சொல்லுங்க முத்து" என்றார் டீச்சர். "போன்ல பாட்காஸ்ட்னு வருதுல்ல, அதுல. முடிஞ்சுபோன சமாச்சாரம். அடுத்து என்ன ஆகுமோன்னு நாம பயப்பட வேண்டியதில்ல."

"வரலாறா? பத்தாப்புல அதுலதான் டீச்சர் நான் தட்டுத்தடுமாறிப் பாஸானேன்."

"அது பரீட்சைக்குப் படிச்ச வரலாறு. இது கேக்கத்தானே?"

எங்களால் போனைப் பார்க்க முடியாது. தேடுகிற வேலை பாண்டி தலையில் விழுந்தது. காலையில் பட்டறைக்குப் போகுமுன் இட்லி கொண்டுவருவார். எனக்கு ஊட்டிவிட்டுக்கொண்டே இன்னொரு கையால் போனைத் தள்ளித் தலைப்புகளை உரக்க வாசிப்பார். "மர்மங்கள் நிறைந்த சோழர் சுரங்கம்... வேணுமா? உலகை நடுங்கவைத்த தமிழன்... வேணுமா? அதிர்ச்சி உண்மைகள், பாகம் எட்டு..."

"பாகம் ஒண்ணு எங்க?" என்றார் டீச்சர்.

"அதக் காணோம் டீச்சர்."

முதலில் போட்டதில் ஒருவர் வணக்கம் சொல்லி, நன்றி சொல்லி, மணியை அழுத்தச் சொல்லி, நாங்கள் தேங்காய்ச் சட்னி வரைக்கும் வந்த பிறகும் விஷயத்துக்கு வரவில்லை. இரண்டாவதில் இடி இடித்தது, குதிரை ஓடியது, வாள் உரசியது. ராஜா என்ன செய்தார் என்பது அந்தச் சத்தத்தில் காதில் விழவே இல்லை. மூன்றாவதில் ஒரு நல்ல குரல், ஆண்டு, பட்டப்பெயர், மகன், பேரன் என்று பாடப்புத்தகத்தை அப்படியே ஒப்பித்தது. நான் தூங்கிப்போனேன். நான்காவதில் பேசியவர் விமானத்தை நம் முன்னோர்தான் முதலில் ஓட்டினார்கள் என்றார்.

"எப்படித் தெரியுமாம்?" என்று டியூபுக்குள்ளிருந்து டீச்சர் கேட்டார். போன் பதில் சொல்லவில்லை. "மாத்துங்கண்ணே."

எனக்கும் அவருக்கும் இதில்தான் சண்டை வரும். எனக்குக் கதை வேண்டும். யார் வந்தார், யார் யாரை ஏமாற்றினார், யார் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள். அவருக்கு ஆதாரம் வேண்டும். கல்வெட்டா, கடிதமா, கேள்விப்பட்டதா என்று சொல்லாமல் போனால் நிறுத்தச் சொல்வார். "கணக்குல வழி எழுதாம விடை மட்டும் போட்டா நான் மார்க் குடுக்க மாட்டேன்" என்பார். "விடை சுவாரஸ்யமா இருந்தா குடுக்கலாம்ல?" என்பேன் நான். நடுவில் பாண்டி இட்லித் தட்டோடு நிற்பார்.

கடைசியில் ஒரு காலை, அவர் கை தவறித் தொட்டதில் ஒன்று ஓடத் தொடங்கியது. ஒரு பெண்ணும் ஒரு ஆணும் பேசிக்கொண்டிருந்தார்கள். இசை இல்லை, இடி இல்லை. அந்தப் பெண் கேட்டாள்: "மிளகாய் இந்த ஊர்க்காரர் கிடையாதுன்னா, அதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க காரத்துக்கு என்ன பண்ணாங்க?" அந்த ஆள் சிரித்துவிட்டு, பேரிலேயே விடை இருக்கிறது என்றார். மிளகு போலக் காரமாக இருந்த காய், அதனால் மிளகாய். கடல் தாண்டி வந்த காய் எப்படி நம் குழம்புக்குள் புகுந்தது என்று நிதானமாகச் சொன்னார். எங்கே உறுதியாகத் தெரியுமோ அங்கே உறுதியாகவும், தெரியாத இடத்தில் "இது யூகம்தான்" என்றும் சொன்னார்.

பக்கத்துக் கட்டிலில் சத்தமில்லை. "டீச்சர்?" என்றேன்.

"பேசாதீங்க, கேக்குறேன்ல."

அன்றைக்குப் பாண்டி பட்டறைக்கு ரொம்பத் தாமதமாகப் போனார். அவர் போகாமல் அங்கேயே நிற்பதை நான் கட்டிலுக்குக் கீழே தெரிந்த கால்களை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

அதிலிருந்து தினமும் எங்களுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு போல இரண்டு பகுதிகள். மதுரைக் கோட்டைச் சுவரை வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவர் இடிக்கவைத்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. இடிக்கிறவர்களுக்கு இடித்த இடத்திலேயே மனை என்றாராம். வெளிவீதியில் நூல் வாங்கப் போகும்போதெல்லாம் நான் ஒரு கோட்டைமேல் நடந்துகொண்டிருந்தேன் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. பெரியாறு அணை பற்றிய பகுதி வந்தபோது டீச்சர் இரண்டு தடவை கேட்டார். அந்தத் தண்ணீர்தான் அவருடைய வயலுக்குப் பாய்கிறது. காட்டில் காய்ச்சலில் செத்துப்போன கூலியாட்களைப் பற்றி அந்தப் பெண் கேட்க, அந்த ஆள் பலருடைய பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை என்றார்.

"தெரியலன்னு சொன்னாரே, அதுவே பெரிசு" என்றார் டீச்சர். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க ஆளுங்க யாராச்சும் அங்க போயிருப்பாக" என்றார்.

அந்த வாரக் கடைசியில் பரிசோதனை. என் கண்ணைப் பார்த்த மருத்துவர், "அழகா ஒட்டியிருக்கு, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த நாற்காலியில் டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு மருத்துவர் பேச்சை நிறுத்திவிட்டு மறுபடி விளக்கடித்தார். டீச்சருக்குப் படலத்தின்மேல் தழும்பு மாதிரி ஒன்று வளர்ந்து அதைச் சுருக்கி இழுக்கிறது. இன்னொரு ஆபரேஷன் வேண்டும். இந்தத் தடவை வாயு போதாது, எண்ணெய் நிரப்பணும், சில மாதம் கழித்து அதை எடுக்கணும்.

"இதாவது ஒட்டும்னு எப்படித் தெரியும் டாக்டர்?" என்றார் டீச்சர்.

"உறுதியாத் தெரியாதும்மா. பெரும்பாலும் ஒட்டுது. பண்ணாம விட்டா போயிரும்ங்கிறது மட்டும் உறுதி."

அன்று பாண்டி புதிய பகுதியைப் போட்டபோது, "வேணாம்ணே, இன்னைக்கு வேணாம்" என்றார் டீச்சர். நான் அவர் கட்டிலுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் குனிந்தபடியே இருந்தோம். அவர் கையைப் பிடித்தேன்.

"பசங்க நோட்டைத் திருத்த முடியாட்டி நான் என்ன டீச்சர், முத்து?" என்றார்.

ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். இவரிடம் ஆதாரமில்லாத ஆறுதல் செல்லாது என்று பட்டது. "எனக்குத் தெரியல டீச்சர். ஆனா நான் வீட்டுக்குப் போனாலும் உங்களத் தனியா கேக்க விடமாட்டேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்தும் குனிந்த தலை நிமிரக் கூடாது. ஆரிச் சட்டத்தின் ஓரத்தில் டியூபைக் கட்டி நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன். என்னைச் சுற்றி ரேவதியும் மற்றவர்களும் ஊசி போட்டார்கள். தினமும் டீக்குப் பிறகு டீச்சருக்குப் போன் போடுவேன். அவர் இரண்டாவது ஆபரேஷன் முடிந்து அதே வார்டில் கிடந்தார், தங்கச்சி துணைக்கு இருந்தார். "ரெடியா?" என்பேன். "ரெடி" என்பார். இங்கே ஸ்பீக்கரில் ஒரு பகுதி ஓடும், போன் வழியாக அங்கேயும் கேட்கும். முதல் இரண்டு நாள் அவர் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் உப்பு வரியைப் பற்றிய பகுதி முடிந்ததும், "அந்தக் கணக்கு தப்பு முத்து. அவரு சொன்ன விகிதம் வராது, நான் மனசுல போட்டுப் பாத்தேன்" என்றார். மாடியில் இருந்த நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். டீச்சர் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

ரேவதிக்கு இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. கை வேலையில் இருக்கும்போது காது சும்மாதானே இருக்கிறது என்பாள். புதிதாக ஏதாவது கேட்டுவிட்டு, "அக்கா, இவரு கத்தல, வழியும் சொல்றாரு, போடவா?" என்று வந்து நிற்பாள். எங்கள் மாடியின் சட்டம் அதுதான் ஆகிவிட்டது. கத்தக்கூடாது, எப்படித் தெரியும் என்று சொல்லவேண்டும், கேட்டு முடித்ததும் யாரிடமாவது சொல்லத் தோன்றவேண்டும்.

நிமிரச் சொன்ன பிறகு கண்ணுக்குள் வாயு எப்படித் தெரியும் என்று பலரும் கேட்கிறார்கள். கொத்தனாரின் ரசமட்டத்துக்குள் பார்ப்பது போலிருக்கும். கீழே கலங்கல், மேலே தெளிவு, நடுவில் ஆடுகிற ஒரு கோடு. நாளாக ஆகக் கோடு கீழே இறங்கும். அந்தச் சமயத்தில் அலங்காநல்லூரிலிருந்து பாண்டியின் அக்கா வந்து, "வேன் புடிச்சிருக்கோம், கொடைக்கானலுக்கு வாரியா? காத்து மாறினா நல்லது" என்று அழைத்தார்.

"நல்லதுதான் மதினி. ஆனா மலை ஏறுனா கண்ணுக்குள்ள வாயு விரிஞ்சு அழுத்தம் ஏறிரும், பார்வை போயிரும்னு சொல்லியிருக்காங்க. நீங்க போயிட்டு வாங்க."

"ஆத்தாடி, அம்புட்டு வில்லங்கமா?" என்றவர், மறுநாள் கறிக்குழம்பு கொடுத்தனுப்பினார். கோடு வட்டமாகி, மிளகு அளவாகி, ஒரு காலையில் காணாமலே போனது. புதுக் கண்ணாடி போட்டு ஊசியில் நூலைக் கோத்தேன். நேர்கோடுகள் கொஞ்சம் நெளிந்து தெரிகின்றன. மயிலுக்கு அதனால் நஷ்டமில்லை.

டீச்சருக்கு எண்ணெயை எடுக்கச் சில மாதமானது. எடுத்த பிறகு நடந்த பரிசோதனைக்கு நானும் போனேன். இருட்டறையில் எழுத்துப் பலகையின் முன் அவரை உட்காரவைத்தார்கள். பெரிய எழுத்தைச் சொன்னார். அடுத்த வரியைச் சொன்னார். அதற்கடுத்த வரியையும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நான் இருட்டில் நின்று என் கையை நானே நெரித்துக்கொண்டிருந்தேன். நான்காவது வரியில் நின்றார்.

"முயற்சி பண்ணுங்கம்மா" என்றாள் பலகையைக் காட்டிக்கொண்டிருந்த பெண்.

"சொல்லலாம். ஆனா அது யூகம். யூகத்த எழுதிக்காதீங்க."

மருத்துவர் சிரித்தார். இதுவே நல்ல பார்வை, கண்ணாடி போட்டால் இன்னும் ஒரு வரி கிடைக்கலாம், பெரிய எழுத்துப் புத்தகம் வாசிக்கலாம், பள்ளிக்கூடம் போகலாம் என்றார். டீச்சர் நன்றி சொல்லிவிட்டு நேரே வெளியே நடந்தார். வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். நானும் அழுதேன். இந்தத் தடவை கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒருவருக்கும் பயமில்லை.

மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கு ஆட்டோவில் போனோம். நல்ல கூட்டம். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் நிற்கும், யாரைக் கேட்கலாம் என்று இங்குமங்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் என் கையை மெதுவாக விலக்கினார்.

"அந்தா பாருங்க, மூணாவதா நிக்கிறது. மேலூர்."

பார்த்தேன். மேலூர்தான். நான் சொல்வதற்குள் அவர் நடக்கத் தொடங்கியிருந்தார்.